பத்தேகால் மணிக்குக் கைமாறிய கார்

போன மாதம் ஒரு மத்தியானம் செல்வி போன் பண்ணினாள். நான் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, ஒரு கட்சிக்காரர் எதிர்ல இருக்காரு. பழைய கார் ஒண்ணு வித்திருக்காரு. அட்வான்ஸும் வாங்கியாச்சு, அக்ரிமெண்டும் போட்டாச்சு. இப்ப வாங்கினவன் வேண்டாம்ங்கானாம். வக்கீல் கோர்ட்டுல இருக்காங்க. அவுக வார வரைக்கும் என்ன சொல்லி வைக்கட்டும்?"

சொன்னேன். முன்பணத்தை மொத்தமாக விழுங்க முடியாது, நஷ்டம் எவ்வளவோ அதற்குத்தான் பிடிக்கலாம். நோட்டீஸ் விட்டு, கெடு கொடுத்து, வேறு ஆளுக்கு விற்று, விலை குறைந்தால் குறைந்ததைக் கேட்கலாம். வண்டி கைமாறிப் போயிருந்தால் பாக்கி விலைக்கே வழக்குப் போடலாம். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். வக்கீலுக்குப் படிக்கவில்லை, வக்கீல் ஆபீஸ் டைப்பிஸ்ட்தான். ஆனால் அம்மி நகர்கிற அளவுக்கு அடித்திருக்கிறேன்.

"அதெல்லாம் கிடக்கட்டும். ஏன் வேண்டாம்ங்கான்னு கேட்டியா?"

"அது கேக்கலியே அக்கா."

"மொதல்ல அதக் கேளுட்டி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஏன் அப்படிக் கோபப்பட்டீர்கள் என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, "இத வக்கீல் சங்க மலருக்கு எழுதிக் குடுங்க அக்கா, புதுசா வாரவங்க படிக்கட்டும்" என்றாள். இப்போது வண்டிப் பெயர் மாற்றம் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது, போனுக்கு நம்பர் வருகிறது, நேரத்தை இயந்திரமே பதிந்துகொள்கிறது. எங்கள் காலத்தில் அந்த நேரத்தை ஒரு மனுஷக் கை எழுதியது. அந்தக் கை என்னுடையது. அதனால்தான் எழுதுகிறேன்.

விசுவநாதன் சார் ஆபீசுக்கு நான் மூன்று மாத லீவு வேகன்சிக்குத்தான் போனேன். டைப்பிங்கில் லோயர், ஹையர் இரண்டும் முடித்திருந்தேன். ஏற்கெனவே இருந்த டைப்பிஸ்ட் பிரசவத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை, நான் திரும்பிப் போகவில்லை. அவ்வளவுதான் என் சர்வீஸ் வரலாறு. ரத வீதிக்குப் பின்னால் ஒரு மாடி, பன்னிரண்டு படி, கீழே டீக்கடை. முதல் ஐந்து வருஷம் தட்டச்சு இயந்திரம், பிறகு கம்ப்யூட்டர். குமாஸ்தா வேலையும் பின்னால் என் தலையில் விழுந்தது.

சாருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த நோட்டீஸும், எந்த மனுவும், கையெழுத்துப் போடும் முன்னால் நான் அவருக்கு முழுசாக வாசித்துக் காட்ட வேண்டும். வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். கை மட்டும் மேஜையில் பென்சிலை உருட்டிக்கொண்டிருக்கும். சரியில்லாத இடம் வந்தால் பென்சில் நின்றுவிடும். நான் அந்த வரியைத் திருப்பி வாசிக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, கண்ணைத் திறக்காமலே ஒரு கேள்வி கேட்பார்.

"இதுல உனக்குத் தெரிஞ்ச பொய் எதுவும் இருக்காம்மா?"

"இல்ல சார்."

அப்புறம்தான் பேனாவைத் திறப்பார். தினம் நாலு தடவை, ஐந்து தடவை. முதல் வருஷம் யோசித்துப் பதில் சொன்னேன். பிறகு அது கோயிலில் மணி அடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி ஆகிவிட்டது. அவர் கேட்டு முடிக்கும் முன்னால் நான் இல்ல சார் என்று சொல்லி முடித்திருப்பேன். கட்சிக்காரர் சொல்வது பொய்யா நிஜமா என்று எனக்கெப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்த பொய் என்று ஒன்று அந்தக் காகிதங்களில் இருந்ததே இல்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பழைய வண்டி கைமாறும்போது டெலிவரி நோட் என்று ஒரு காகிதம் எழுதுவோம். இன்ன தேதி இன்ன மணிக்கு வண்டியைப் பெற்றுக்கொண்டேன், இந்த நேரம் முதல் இதனால் வரும் விபத்து, வழக்கு எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று வாங்குகிறவர் கையெழுத்துப் போடுவார். அதில் உயிரே அந்த மணிதான். அதற்கு முன்னால் நடந்தது விற்றவர் தலையில், பின்னால் நடந்தது வாங்கினவர் தலையில். இதைப் புதுசாக வருகிற எல்லாருக்கும் நானே விளக்கியிருக்கிறேன். விளக்கிவிட்டு, அந்த இடத்தில் என்ன எழுதுவேன் தெரியுமா? நல்ல நேரத்தை எழுதுவேன்.

சிரிக்காதீர்கள். வண்டி வாங்குகிறவன் ராகு காலத்தில் வாங்கினேன் என்று கையெழுத்துப் போடுவானா? காலையிலேயே காலண்டரைப் பார்த்து நல்ல நேரத்தைப் போட்டு டைப் அடித்து வைத்துவிடுவேன். வண்டி பத்து நிமிஷம் முன்னே பின்னே போகும். சில நாள் ஒரு மணி நேரமும் ஆகும். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் போடுவதில்லையா, அது மாதிரிதான். சாரும் அதைத் தடுத்ததில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். அதற்கு முன்னால் பத்தேகாலுக்கு குரு ஓரை. விற்கிறவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. வருவாய்த் துறையில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ராயகிரிப் பக்கம் நஞ்சை உண்டு, ஆடித் தபசுக்கு அவர் வீட்டு மண்டகப்படி உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய சங்கதி வேறு ஒன்று. எங்கள் அப்பா இறந்தபோது வாரிசுச் சான்றிதழுக்கு அம்மா நடையாய் நடந்தாள். அண்ணாச்சிதான் ஒரே நாளில் கையெழுத்து வாங்கித் தந்தார். ஒரு காபி கூட வாங்கிக் குடிக்கவில்லை. அந்த நன்றி எனக்குள் எப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

வாங்குகிறவன் மாரிச்செல்வம், திருவேங்கடத்துக்குப் பக்கத்து ஊர். முப்பது வயசு இருக்கும். பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் காரையே ஓட்டின ஆக்டிங் டிரைவர். அரசு பஸ் டிரைவர் வேலைக்குத் தேர்வாகியிருந்தான். போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. "இனிமே ஊரான் வண்டி ஓட்ட மாட்டேன் அக்கா. ஒண்ணு கவர்மெண்ட் வண்டி, இல்லாட்டி என் வண்டி" என்று சொல்லிச் சிரித்தான். பாதிப் பணம் கொடுத்தாயிற்று, மீதி ஆர்.சி.யில் பெயர் மாறினதும் என்று பேச்சு.

அண்ணாச்சி பத்து மணிக்கே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். சாட்சிக்கு நானும் போட்டேன். சார் கோர்ட்டுக்குப் போய்விட்டார். காரை மட்டும் காணோம். அண்ணாச்சியின் மகன் கண்ணன், வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன், லீவில் வந்திருந்தான். அவன்தான் வண்டியைக் கழுவி எடுத்துவரப் போயிருந்தான். மாரிச்செல்வமும் அவன் அம்மாவும் வந்த பஸ் லேட். படியேறும்போது பத்தே முக்கால்.

"ராகு காலம் பொறந்துட்டே. பன்னெண்டு கழியட்டும்" என்று அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் காகிதத்தைக் காட்டி, "அப்ப மணிய மாத்தி அடிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"என்ன போட்டிருக்கு?"

"பத்தேகால். குரு ஓரை."

"அது அப்படியே இருக்கட்டும் தாயி. பன்னெண்டுக்கு மேல சூரிய ஓரைல்லா. எழுத்துல குருவே இருக்கட்டும்."

அப்படியே இருந்தது. மாரிச்செல்வமும் கையெழுத்துப் போட்டான். பதினொன்றே கால் வாக்கில் கீழேயிருந்து டீ வரவழைத்தேன். அண்ணாச்சி ஆபீஸ் போனிலேயே மகனைக் கூப்பிட்டு, "ஏலே, எங்கன நிக்க? இங்கன எல்லாரும் காத்துக் கிடக்கோம்" என்றார். மறுமுனையில் என்ன சொன்னானோ, அண்ணாச்சி முகம் மாறவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கண்ணன் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. காரை இடது பக்கம் சுவரோடு ஒட்டும்படி நிறுத்தியிருந்தான், ஒரு ஆள் நுழைய முடியாத அளவுக்கு. ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்கு, நல்ல டிரைவர் போல என்றுதான் தோன்றியது. பன்னிரண்டு ஐந்துக்கு எலுமிச்சம்பழம் நசுங்க, கார் போனது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாரிச்செல்வம் போன் பண்ணினான். குரல் அவன் குரல் மாதிரியே இல்லை.

"அக்கா, நேத்துப் பதினொன்னேகாலுக்கு ராஜபாளையம் ரோட்டுல ஒரு பெரியவர இடிச்சுப் போட்டு நிக்காமப் போயிருக்கு நம்ம காரு. பூ மார்க்கெட்டுக்குப் பூப் போட்டுட்டு டி.வி.எஸ்.ல திரும்பினவரு. தொடை எலும்பு ரெண்டாப் போச்சு. டீக்கடைல நின்னவங்க நம்பரப் பாத்திருக்காங்க. அண்ணாச்சி வீட்டுக்குப் போலீஸ் போயிருக்கு. அவரு, நான் பத்தேகாலுக்கே வித்துட்டேன்னு பேப்பரக் காட்டிட்டாரு. இப்ப என்னைய ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுதாங்க. வீட்டுல வந்து பாத்தா இடது பக்கம் இண்டிகேட்டர் ஒடஞ்சு கெடக்கு அக்கா."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அக்கா, பதினொன்னேகாலுக்கு நான் உங்க முன்னால டீ குடிச்சிட்டு இருந்தேன்லா?"

"பாப்போம் தம்பி" என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. பாப்போம். என்னத்தைப் பார்ப்பது? கண்ணால் பார்த்தாயிற்று. போனை வைத்தேன். கேஸ் நிரூபணம் ஆகும் ஆகாது அப்புறம், அவன் பெயரில் வழக்கு ஒன்று பதிவானாலே பஸ் டிரைவர் வேலை போச்சு. இடித்துவிட்டு நிற்காமல் போன டிரைவருக்கு யார் பஸ்ஸைக் கொடுப்பார்கள்?

அன்று மத்தியானமே அவன் காரைக் கொண்டுபோய் அண்ணாச்சி வாசலில் விட்டு, சாவியை நடையில் வைத்துவிட்டு, எனக்கு இந்த வண்டி வேண்டாம், பணத்தைத் தாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. கோயில் பிரசாதமும் நாலு மாம்பழமும் கொண்டுவந்தார். அம்மாவிடம் உடம்பு எப்படி என்று விசாரித்தார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"கண்ணனுக்குப் பத்து நாள்ல பிளைட் இருக்கும்மா. கேஸுன்னு ஒண்ணு வந்தா அவன் வேல போயிரும். பேப்பர்ல என்ன இருக்கோ அதுதான் நடந்தது. நீதான எழுதின?"

ஆமாம், நான்தான் எழுதினேன். மாற்றிச் சொன்னால் எழுதினது பொய் என்று ஆகும். பொய் எழுதின டைப்பிஸ்டை எந்த வக்கீல் வைத்திருப்பார்? எனக்குச் சாதாரணமாகவே பயம் அதிகம். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பாதி ரோட்டிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான். அன்றைக்கு மாம்பழத்தை அம்மா அறுத்துக் கொடுத்தாள். எனக்கு இறங்கவில்லை.

திங்கட்கிழமை அண்ணாச்சி ஆபீசுக்கு வந்து சாரின் எதிரில் உட்கார்ந்தார். வாங்கினவன் விபத்தைப் பண்ணிவிட்டு, வண்டியை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றார். சார் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, எப்போதும் போல விரல் விட்டுச் சொன்னார்.

"மூணு வழி இருக்குவே. வண்டிய நீரே வச்சிக்கிட்டு, உமக்கு ஆன நஷ்டத்தக் கழிச்சிட்டு, மிச்சத்தத் திருப்பிக் குடுத்துரும். இல்ல, நோட்டீஸ் விட்டு வேற ஆளுக்கு வித்துட்டு, கொறஞ்சத அவன்கிட்ட கேளும். அதுவும் இல்ல, வண்டி அவன் கைக்குப் போயாச்சு, இனி அது அவன் சொத்துன்னு சொல்லிப் பாக்கி விலைக்குப் போடும். மூணாவது இழுக்கும். எனக்குக் கேட்டா ரெண்டாவதுதான் லேசு. வண்டி உம்ம வாசல்லதான நிக்கு."

"மூணாவது போடுங்க" என்றார் அண்ணாச்சி.

"எதுக்கு வருஷக்கணக்கா அலையணும்?"

"நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா."

சார் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வண்டி பத்தேகாலுக்கே அவன் சொத்தாகிவிட்டது என்று வக்கீல் நோட்டீஸிலேயே எழுத்தில் வர வேண்டும், அண்ணாச்சிக்கு வேண்டியது அது ஒன்றுதான். பாக்கிப் பணம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. அந்த அறையில் அது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். சார் நோட்டீஸைச் சொன்னார், நான் அடித்தேன். அண்ணாச்சி போன பிறகு வாசித்துக் காட்டினேன்.

"...மேற்படி தேதி காலை 10.15 மணிக்கு எமது கட்சிக்காரர் மேற்படி வாகனத்தைத் தங்கள் வசம் ஒப்படைத்து..."

பென்சில் நிற்கவில்லை. உருண்டுகொண்டே இருந்தது. நிற்காதா என்று எதிர்பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். என் குரலாவது தடுமாறி என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் வாசித்த குரல், தானாக ஓடிற்று.

"இதுல உனக்குத் தெரிஞ்ச பொய் எதுவும் இருக்காம்மா?"

"இல்ல சார்."

கையெழுத்துப் போட்டுவிட்டார். கவரை ஒட்டி, ஒப்புகை அட்டையைக் கட்டி, தபால் ஆபீசுக்கு நானே எடுத்துக்கொண்டு நடந்தேன். ரிஜிஸ்டர் தபால் வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர். கவரின் மேல் மாரிச்செல்வம், அவன் அப்பா பெயர், ஊர் எல்லாம் என் எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு ஆளாகக் குறைந்தார்கள். இது போய்ச் சேர்ந்தால் அவன் இதை எடுத்துக்கொண்டு எங்கே போவான்? வேறு வக்கீலிடம் போவான். அவர் சாட்சிக் கையெழுத்தைப் பார்ப்பார். கூண்டில் ஏற்றி என்னைக் கேட்பார். அன்றைக்கும் இல்ல சார் என்றுதான் சொல்வேனா? சொல்வேன் என்று தோன்றியது. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. ஒரு தடவை சொன்னவளுக்கு இரண்டாவது தடவை என்ன கஷ்டம்?

எனக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் இருக்கும்போது வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். பின்னால் நின்றவர், "என்னம்மா, சில்லறை இல்லியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

பன்னிரண்டு படி ஏறி, கவரைச் சார் மேஜையில் வைத்தேன்.

"அனுப்பலியா?"

"இதுல எனக்குத் தெரிஞ்ச பொய் ஒண்ணு இருக்கு சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். குரு ஓரை, டீ, சுவரை ஒட்டி நின்ற கார், மாம்பழம். அவர் கண்ணை மூடவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பென்சிலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "இப்படி நல்ல நேரம் போட்டு எத்தன நோட் எழுதியிருப்போம்?" என்று கேட்டார்.

"கணக்கே இல்ல சார்."

"நானும் பாத்துட்டுத்தான இருந்தேன்" என்றார். நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவு சின்ன ஆளாக அவரை நான் பார்த்ததில்லை. பிறகு எழுந்து, நோட்டீஸை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"கட்சிக்காரர் என்கிட்ட சொன்னத நான் வெளிய சொல்லக் கூடாது. அது என் தொழில். நீ பாத்தது அவர் சொல்லி இல்ல, அது உன் கண்ணு. சாட்சிக் கையெழுத்தும் உன்னோடது. போலீஸ் கூப்பிட்டா என்ன சொல்லுவ?"

"பயமா இருக்கு சார்."

"பயம் இருக்கட்டும். என்ன சொல்லுவ?"

பதில் சொன்னேன். அன்று சாயங்காலமே அண்ணாச்சியை வரச் சொல்லிக் கேஸ் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். "மகனக் கூட்டிட்டு நீரே ஸ்டேஷனுக்குப் போறதுதான் இப்ப உமக்கு இருக்க ஒரே நல்ல வழி" என்றார். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அம்மாட்ட கேட்டதாச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அதைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. புதன்கிழமை ஸ்டேஷனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் யாரையும் துணைக்குக் கூட்டிக்கொள்ளவில்லை. எஸ்.ஐ. டெலிவரி நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

"இது யாரு அடிச்சது?"

"நான்தான் சார்."

"பத்தேகாலுன்னு போட்டிருக்கே."

"அது நல்ல நேரம் சார். வண்டி போனது பன்னெண்டு அஞ்சுக்கு. பத்தே முக்கால்லருந்து அந்தத் தம்பி என் முன்னாலதான் உட்கார்ந்திருந்தான்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "நல்ல நேரமா? அப்ப நீங்க எழுதிக் கையெழுத்தும் போட்டது பொய்யின்னு எழுதிக்கிடவா?"

"எழுதிக்கோங்க சார்."

என் வாயாலேயே சொல்லிவிட்டேன். இன்னொரு கேள்வி கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன், இதற்கு முன்னால் எழுதினதெல்லாம் என்று. கேட்கவில்லை. பதினொன்றே காலுக்கு ஆபீஸ் போனிலிருந்து கண்ணனைக் கூப்பிட்டதைச் சொன்னேன். அதை மட்டும் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். வெளியே வேப்பமரத்தடியில் மாரிச்செல்வத்தின் அம்மா நின்றிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தானே தாயி எழுத்துல குரு இருக்கட்டும்னு சொன்னேன்" என்று அழுதார். எழுதினது நான், நீங்கள் இல்லை என்று சொன்னேன்.

அந்த நேரத்தில் ராஜபாளையம் ரோட்டில் இருந்தான் என்று போன் விவரம் வந்த அன்று கண்ணன் ஒத்துக்கொண்டான். பயந்துபோய் நிற்காமல் வந்துவிட்டேன் என்றானாம். அதை நான் நம்புகிறேன். பயந்தவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். அவன் பிளைட் தவறிப் போனது, வேலையும் போனது, வேறு வேலை கிடைத்துப் போக ஒன்றரை வருஷம் ஆயிற்று. பூக்காரப் பெரியவர் கம்பு ஊன்றி நடக்கிறார். இன்சூரன்ஸ் பணம் வந்தது, பழைய நடை வரவில்லை. மாரிச்செல்வத்தின் முன்பணத்தை அண்ணாச்சி வேறு வக்கீல் மூலமாகத் திருப்பிக் கொடுத்தார். அடிபட்டதை மறைத்துக் கொடுத்த வண்டியை வேண்டாம் என்று சொல்ல வாங்கினவனுக்கு உரிமை உண்டு, அதை யாரும் அவரிடம் வாதாட வேண்டியிருக்கவில்லை. மாரிச்செல்வத்துக்கு பஸ் டிரைவர் வேலை ஆர்டர் வந்தது. முதல் சம்பளத்தில் சாருக்குக் கிராம்பு டப்பா ஒன்றும் எனக்கு ஒரு சேலையும் வாங்கி வந்தான். சேலை பச்சை. இன்னும் கட்டுகிறேன்.

அம்மா இறந்தபோது அண்ணாச்சி வரவில்லை. தபசுக் கூட்டத்தில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் செய்தது சரி என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனாலும் அவர் முகத்தைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது.

அதற்குப் பிறகு சார் என் மேஜைக்கு எதிரே ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டினார். டெலிவரி நோட்டில் மணிக்கு இடம் விட்டு அடிப்பேன். சாவி கைமாறும்போது கடிகாரத்தைப் பார்த்து வாங்குகிறவரே தன் கையால் எழுத வேண்டும். பாதிப் பேர் வேறு டைப்பிஸ்டைத் தேடிப் போனார்கள். சார் கவலைப்படவில்லை. கேள்வியையும் நிறுத்தவில்லை. நான்தான் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டேன், சில நாள் அவரே ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிற அளவுக்கு. ஆனால் முன்னால் எழுதினவை எல்லாம் ஊர் ஊராகக் கிடக்கின்றனவே. இளையரசனேந்தலில் ஒன்று, சிவகிரியில் ஒன்று, யார் வீட்டுப் பீரோவிலோ. பேப்பரில் விபத்துச் செய்தி வந்தால் இன்றைக்கும் முதலில் வண்டி நம்பரைத்தான் தேடுகிறேன். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. சார் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பயம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

போன செவ்வாய்க்கிழமை என் ஸ்கூட்டரை விற்றேன். விற்றேன் என்றா சொல்ல வேண்டும்? முழங்கால் வலி, இனி ஓட்ட முடியாது. புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். ஓட்டிப் பார்த்தார்கள், விலை பேசினார்கள், முன்பணம் தந்தார்கள். டெலிவரி நோட்டைச் செல்வி அடித்து அனுப்பியிருந்தாள். அந்தப் பையன் எனக்குக் கையெழுத்து நல்லா வராது, நீங்களே மணியை எழுதுங்கள் என்றான். கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபத்துநாலு. எழுதப் போனேன்.

"அய்யோ, நாலரை வரைக்கும் ராகு காலம் அக்கா. நாலு முப்பத்தஞ்சுன்னு போடுங்க" என்றாள் அந்தப் பெண்.

"அப்ப நாலு முப்பத்தஞ்சு வரைக்கும் உட்காரும்மா. காபி போடுதேன்."

"இல்ல அக்கா, பிள்ள ஸ்கூல் விட்டுரும். வண்டிய இப்பமே எடுத்துக்கிடுதோம். எழுத்துல மட்டுந்தான. எழுதுததுல என்ன இருக்கு?"

முடியாது என்றேன். அவள் புருஷனைப் பார்த்தாள், அவன் என்னைப் பார்த்தான். ஒரு ஸ்கூட்டர்தானே, ஒரு மணி நேரந்தானே என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. கை வரவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ராகு காலத்தில் கைமாறின வண்டி எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

செல்வியிடம் சொன்னபோது குதித்தாள். "என்ன அக்கா இது, அக்ரிமெண்டு போட்டாச்சு, அட்வான்ஸ் வாங்கியாச்சு. ஒரு நோட்டீஸ் தட்டிவிடட்டுமா?"

"வேண்டாம்ட்டி" என்றேன். "அவங்க ஏன் வேண்டாம்னாங்கன்னு எனக்குத் தெரியும்."